வண்டியைத் தூங்க வைத்தவன்

இது நடந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னாலும் கொடுப்பேன். கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் சிரித்துக்கொள்ளட்டும். என் முன்னால் வேண்டாம். போன வருஷம் ஒருத்தன் சிரித்தான். அவனுக்கு இப்போது முன்பல் இரண்டு இல்லை.

என் பெயர் அய்தால். வருஷத்தில் பாதிக்கு மேல் உறைந்து கிடக்கும் லேனா ஆற்றங்கரையில் நாற்பது வீடு உள்ள ஊர். நடந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜனவரி பதினெட்டு, சனிக்கிழமை. அன்று காலை மைனஸ் ஐம்பத்திரண்டு. பள்ளிக்கூடம் ஒரு வாரமாக மூடியிருந்தது.

எங்கள் ஊரில் குளிர்காலத்தில் வண்டி வைத்திருப்பது குழந்தை வளர்ப்பது மாதிரி. சாயங்காலம் அதைத் தூங்க வைக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் அடுப்புப் பக்கத்தில் முக்காலியில் வைக்க வேண்டும். ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வாளியில் வடித்து அதையும் அடுப்போரம் வைக்க வேண்டும். பிறகு வண்டியின் மூக்கில் கம்பளிப் போர்வை. காலையில் எல்லாவற்றையும் திரும்பச் செய்து எழுப்ப வேண்டும். ஒரு நாள் மறந்தால் என்ஜின் கல்லாகிவிடும்.

நானும் என் மனைவி நரியாவின் அண்ணன் கவ்ரீலும் சேர்ந்து ஒரு பழைய வேன் வைத்திருந்தோம். ரொட்டித் துண்டு மாதிரி இருக்கும் என்பதால் எல்லோரும் அதை ரொட்டி என்றுதான் சொல்வோம். அது என் வீட்டு முற்றத்தில்தான் நிற்கும். காலையில் எழுப்புவது நான். சாயங்காலம் தூங்க வைப்பது கவ்ரீல். செய்யும்போது வாய்க்குள் ஒரு ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே செய்வான். "ஒண்ணு பேட்டரி... ரெண்டு ஆயிலு... மூணு போர்வ..." வருஷக்கணக்காக அதே ராகம். கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை எங்களுக்குள் சண்டை. குடிதண்ணீருக்கு ஆற்றில் பனிக்கட்டி வெட்டிக்கொண்டிருந்தோம். ஆறு பேர் நின்றார்கள். என்ஜினுக்கு அடியில் ஆயில் வடிக்கிற போல்ட்டை நான் சரியாக முறுக்கவில்லையாம், வழியெல்லாம் ஒழுகியதாம். எல்லோர் முன்னாலும் கத்தினான்.

"ஒரு போல்ட் முறுக்கத் தெரியல. நீயெல்லாம் ஒரு ஆம்பள. என் தங்கச்சிய எவன் தலையில கட்டுனேன் பாரு!"

"மரியாதையா பேசு மச்சான்."

"மரியாதையா? போல்ட்டுக்கே மரியாத குடுக்கத் தெரியல உனக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலைக்கேறியது. இனி என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டேன். சரி, வண்டியை நீயே தூங்க வை என்று அவனும் சொல்லிவிட்டுப் போனான். இரண்டு நாள் அவன் வரவில்லை. இரண்டு வேலையையும் நானே செய்தேன்.

சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மத்தியானம் 2.40க்கு ஆற்றிலிருந்து வந்து என்ஜினை நிறுத்தினேன். ஒரு மணி நேரத்தில் மறுபடி போகவேண்டியிருந்தது. அதனால் பேட்டரியையும் ஆயிலையும் எடுக்கவில்லை. போர்வையை மட்டும் போட்டேன். ஒரு மணி நேரம் அது தாங்கும்.

உள்ளே போனால் என் மகள் சாஸ்கி சுருண்டு படுத்திருந்தாள். ஒன்பது வயது. காலையிலிருந்தே வயிற்று வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது காலை நீட்ட முடியவில்லை. நெற்றி கொதித்தது. நரியா ஓடிப்போய் ஊர் நர்ஸ் அகாஃபியாவைக் கூட்டிவந்தாள். அகாஃபியா வலது பக்க அடிவயிற்றை அழுத்திவிட்டுக் கையை எடுத்தாள். அப்போது குழந்தை போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"அய்தால், குடல்வால். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"ஆம்புலன்ஸ்?"

"வேற ஊருக்குப் போயிருக்கு. அது வந்து, ஏத்திட்டுப் போக ராத்திரி ஆயிடும். அதுக்குள்ள வெடிச்சா என்னைக் கேக்காத. எழுப்பு வண்டிய."

பெரிய ஆஸ்பத்திரி எழுபது கிலோமீட்டர். பாதி வழி உறைந்த ஆற்றின் மேலே. ஊரில் வேறு இரண்டு வண்டிகள் காலையிலேயே பெரிய ஊருக்குப் போய்விட்டன. ஊர்க்காரன் ஸ்பிரிதோன் தன் லாரி என்ஜினைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்திருந்தான். மிச்சம் இருந்ததெல்லாம் திறந்த பனி பைக்குகள். அந்தக் குளிரில் காய்ச்சல்காரக் குழந்தையை அதில் ஏற்றினால் பாதி வழியில் விறைத்துவிடும்.

ஆக, எங்கள் ரொட்டிதான்.

மணி 3.50. சாவியைத் திருகினேன்.

ஒன்றுமில்லை. செல்ஃப் எடுக்கவில்லை. ஒரு 'டிக்' கூட இல்லை. டாஷ்போர்டில் விளக்கு எரியவில்லை.

பேட்டரி டெர்மினல் கழன்றிருக்கும் என்று நினைத்து, டிரைவர் சீட்டுப் பக்கத்தில் உள்ள பேட்டரி மூடியைத் திறந்தேன். பேட்டரியே இல்லை.

வீட்டுக்குள் வந்து பார்த்தேன். அடுப்போரம் முக்காலியில் பேட்டரி. கீழே வாளியில் ஆயில், மேலே சுத்தமான தட்டு போட்டு மூடி.

"நரியா! எவன் எடுத்தது இத?"

"எது?"

"பேட்டரி! உங்கண்ணன் வந்தானா?"

"யாரும் வரல. நம்மளத் தவிர யாரும் கதவே தொறக்கல. அகாஃபியாவோட வந்ததுலேருந்து நான் இங்கயேதான இருக்கேன்."

எங்கள் வீட்டுக்கு ஒரே கதவு. அந்தக் குளிரில் கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை உருண்டு உள்ளே வரும், முழங்கால் வரை நிற்கும். யாராவது வந்தால் தெரியாமல் இருக்காது. ஆனால் நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. இரண்டு நாள் வராதவன், இன்றைக்குப் பார்த்துத் திருட்டுத்தனமாக வந்து வண்டியைத் தூங்க வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறானாம்.

வாளியையும் பேட்டரியையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஆயிலை ஊற்றினேன். பேட்டரியை வைத்து டெர்மினலை முறுக்கினேன். 4.20க்கு மறுபடி சாவி.

செல்ஃப் எடுத்தது. என்ஜின் முனகியது. பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. இருமிக்கொண்டே கிடந்தது.

ப்ளோ லாம்ப்பைப் பற்றவைத்து, என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சம்ப்புக்குக் கீழே தீயைக் காட்டினேன். பெட்ரோலில் தண்ணீர் உறைந்திருக்கும் என்று டேங்கில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றினேன். அப்படியும் பிடிக்கவில்லை. கடைசியில் ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி அடுப்பில் சுடவைக்க உள்ளே கொண்டுபோனேன். அப்போது மணி 4.38. இருட்டிவிட்டது.

அடுப்பு முன்னாலேயே நின்றேன். பக்கத்தில் முக்காலி. காலியாக இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். அதில் என் கையுறையை வைத்திருந்தேன்.

நரியா ஒரு கரண்டி வெண்ணெயை அடுப்பு நெருப்புக்குப் போட்டு ஏதோ முணுமுணுத்தாள். நெருப்புக்குக் கொடுத்துவிட்டுக் கேட்டால் கேட்டது கிடைக்கும் என்பது அவள் அம்மா வழி நம்பிக்கை.

"அதுக்கு வெண்ணெய் குடுக்கறத விட்டுட்டுப் பிள்ளைக்குக் கம்பளி சுத்து" என்று கத்தினேன்.

உள்ளே சாஸ்கி அழுதாள். ராகம் இல்லாத, நிறுத்தாத அழுகை.

4.44க்குச் சூடான பிளக்குகளைத் துணியில் பொதிந்துகொண்டு வெளியே வந்தேன்.

வண்டியின் மூக்கில் போர்வை.

நான் போடவில்லை. கழற்றி வேலி மேல் எறிந்திருந்தேன். இப்போது இழுத்துப் போர்த்தி, கயிறு கட்டியிருந்தது. இடது கைக்காரன் போடுகிற முடிச்சு. கவ்ரீல் இடது கைக்காரன்.

மூடியைத் திறந்தேன். பேட்டரி இல்லை.

கீழே குனிந்து பார்த்தேன். ஆயில் போல்ட் கழற்றி, துடைத்து, சம்ப்புக்கு மேலே அதற்குரிய இடத்தில் வைத்திருந்தது. ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆறு நிமிஷத்தில் அந்த ஆயிலை யாராலும் வடிக்க முடியாது.

உள்ளே ஓடினேன்.

முக்காலியில் பேட்டரி இருந்தது. என் கையுறை மடித்துத் தரையில் வைக்கப்பட்டிருந்தது. வாளி நிறைய ஆயில், ஆவி பறக்க.

நான் நின்ற இடத்துக்கும் முக்காலிக்கும் ஒரு அடி.

அப்போதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. பயப்பட எனக்கு நேரமில்லை. முற்றத்தின் நடுவில் நின்று ஊரே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"டேய் கவ்ரீலு! எங்கடா ஒளிஞ்சிருக்க? நாய்க்குப் போட்ட எலும்ப நக்குற நாயே! வெளிய வாடா! என் பிள்ள சாவுதுடா உள்ள!"

இன்னும் கேவலமாகவும் சொன்னேன். இங்கே எழுத முடியாது. என் பேச்சு வெள்ளை ஆவியாகக் காற்றில் நின்றது. அசையவே இல்லை. அந்தக் குளிரில் மூச்சு அப்படித்தான், விட்ட இடத்திலேயே தொங்கும்.

யாரும் வரவில்லை.

தரையைப் பார்த்தேன். காலையில் விழுந்த பொடிப்பனி. வண்டியைச் சுற்றி ஒரே ஒருவனுடைய கால் தடம்தான் இருந்தது. என்னுடையது.

5.05. மறுபடி எல்லாவற்றையும் போட்டேன். இந்த முறை நரியாவைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். குழந்தையோடு அகாஃபியா இருந்தாள்.

"பேட்டரி மேல கைய வெச்சுக்க. எவன் வந்தாலும் கத்து."

"எவன் வருவான்? நீங்க என்ன பேசறீங்க?"

"சொன்னதச் செய்!"

நான் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். டார்ச் வாயில். போல்ட்டைக் கடைசிச் சுற்று முறுக்கிக்கொண்டிருந்தேன்.

முற்றத்தில் ஒரு சத்தமும் இல்லை.

வண்டிக்கு அந்தப் பக்கம்... இரண்டு கால்கள்.

மான்தோல் பூட்ஸ். மேல் விளிம்பில் சிவப்புத் துணிப் பட்டை. நரியா தைத்தது. அண்ணன் பிறந்தநாளுக்கு அவள் தைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"மாட்டுனியா!" என்றேன். டார்ச் வாயிலிருந்து விழுந்தது.

கால்கள் அசையவில்லை. முழங்காலுக்குக் கீழே இரண்டும் நனைந்திருந்தன. தண்ணீர் சொட்டியது. மைனஸ் ஐம்பத்திரண்டில்... சொட்டியது.

அப்போது கேட்டது. என் தலைக்கு மேலே, மிக மெதுவாக.

"ஒண்ணு பேட்டரி... ரெண்டு ஆயிலு..."

"நரியா!" என்று கத்தினேன். "யாருடி அது பக்கத்துல?"

"யாருமில்ல!" மேலிருந்து அவள் குரல். "இங்க யாருமே இல்லையே!"

என் கையில் ஸ்பேனர் திரும்பியது.

நான் வலது பக்கம் முறுக்குகிறேன். அது இடது பக்கம் திரும்புகிறது.

இரண்டு கையாலும் பிடித்தேன். பிடியை மதிக்கவே இல்லை. நிதானமாக, அவசரமில்லாமல், தினமும் செய்கிறவன் செய்வது மாதிரி... ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

க்ளிங்.

ஆயில் கொட்டியது. சட்டைக் கையெல்லாம் சூடு.

வாளி நகர்ந்தது.

தானாக. பனி மேல் சர்ரென்று சறுக்கி வந்து, ஒழுகுகிற ஆயிலுக்குக் கீழே நின்றது. கவ்ரீல் எப்போதும் வாளியைக் காலால்தான் தள்ளுவான்.

"மூணு போர்வ..."

நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. நரியா அலறிக்கொண்டிருந்தாள். அவள் கைக்குக் கீழே இருந்த பேட்டரி இல்லை.

அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். தடம் இல்லை. ஈரமும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இது அவன் செய்த ஏவல் என்று நினைத்தேன். எவனிடமோ போய் ஏதோ செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கோபத்தில் மனிதனுக்குப் புத்தி அப்படித்தான் போகும். ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி நாலு வீடு தள்ளி அவன் வீட்டுக்கு ஓடினேன். மண்டையை உடைப்பது என்று முடிவு.

5.20. கதவை உதைத்துத் திறந்தேன். அவன் மனைவி லுகேரியா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எங்க அவன்?"

"என்ன தம்பி இது, ஸ்பேனரும் கையுமா..."

"அவன் எங்க? ஒளிச்சு வெச்சிருக்கியா?"

"அவர் காலையிலயே ஏரிக்கு அந்தப் பக்கம் குதிரை பார்க்கப் போயிட்டாரே. எட்டு மணிக்கு."

"பொய்!"

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்? பனி பைக் இருக்கான்னு போய்ப் பாருங்க. உங்க முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனாரு. அவர எதுக்கு நான் ஒளிக்கணும்?"

பனி பைக் நிற்கிற கொட்டகை காலி. சுவரில் அவன் பூட்ஸ் தொங்குகிற ஆணியும் காலி.

"எப்ப வரேன்னான்?"

"மூணு மணின்னாரு. வரலன்னா மேய்ச்சல் குடிசையிலயே படுத்துருவாரு. எப்பவும் அப்படித்தான."

மூணு மணி. நான் முதல் தடவை சாவி திருகியது 3.50.

நனைந்த கால்கள் நினைவுக்கு வந்தன. எங்கள் பக்கம் ஏரியில் பனிக்கு அடியில் சில இடத்தில் தண்ணீர் ஏறி நிற்கும். மேலே பார்த்தால் தெரியாது. கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும்.

எனக்குப் புரிந்தது. ஆனால் வாயில் வந்தது கோபம்தான்.

"மாவ பிசைஞ்சது போதும்! ஆள அனுப்பு! உன் புருஷன் குடிசையில இல்ல!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அனுப்புடி!"

அவள் முகம் வெளுத்தது. ஸ்பிரிதோனுக்கு போன் போட்டாள். 5.40க்கு மூன்று பனி பைக்குகள் ஏரிப்பக்கம் கிளம்பின. நான் நின்று பார்க்கவில்லை. என் மகள் வீட்டில் இருந்தாள்.

5.45. முக்காலியில் பேட்டரி. வாளியில் ஆயில். வண்டியில் போர்வை, இடது கை முடிச்சு. எல்லாம் அதது அதன் இடத்தில்.

முடிச்சை வெட்டினேன். ப்ளோ லாம்ப்பைப் பற்றவைத்து சம்ப்புக்கு அடியில் வைத்தேன். பேட்டரியைத் தூக்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினேன். மாட்டப் போனேன். நழுவியது. மறுபடி மாட்டினேன். நழுவியது. கடைசியில் மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன்.

இழுத்தது.

யாரும் இல்லை. வண்டிக்குள் நான் மட்டும். பேட்டரி கதவுப் பக்கம் போகப் பார்த்தது. ஒரு முறை பலமாக. பிறகு விடும். பிறகு மறுபடி.

"விடு மச்சான்" என்றேன்.

இழுத்தது.

"விடுறா. பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

இழுத்தது.

விட்டால் ஜெயித்துவிடுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை மரத்தது. அழுதேன் என்றும் நினைக்கிறேன். கண்ணீர் இமையில் உறைந்து கண் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள்ளிருந்து சாஸ்கியின் குரல் கேட்டது. பிறகு அது நின்றது. அது நின்றதுதான் எனக்கு அன்று எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

இழுத்தது...

இழுத்தது...

சட்டென்று விட்டது.

பேட்டரி என் மடியில் கல் மாதிரி உட்கார்ந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 6.12.

அதற்குப் பிறகு ஒரு தொல்லையும் இல்லை. பேட்டரி மாட்டினேன், இருந்தது. ஆயில் ஊற்றினேன், இருந்தது. பிளக்கை இன்னொரு தடவை சுடவைத்துப் போட்டேன். 6.31க்குச் சாவியைத் திருகினேன். முதல் திருகலிலேயே பிடித்தது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த வண்டி மாதிரி.

சாஸ்கியைக் கம்பளியில் சுற்றி ஏற்றினோம். விழித்திருந்தாள், அழவில்லை. வலி குறைந்துவிட்டது அப்பா என்றாள். அகாஃபியா என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வலி ஏன் குறைகிறது என்று அவளுக்குத் தெரியும்.

8.25க்கு ஆஸ்பத்திரி. உடனே உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டரை மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். இளைஞர், களைத்திருந்தார்.

"வெடிச்சிருச்சு. உள்ள எல்லாம் பரவிடுச்சு. சுத்தம் பண்ணியிருக்கோம். ஏன் இவ்வளவு லேட்டு?"

"வண்டி... ஸ்டார்ட் ஆகல."

"ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா இது சின்ன விஷயம்."

ஒரு மணி நேரம் முன்னாடி.

என் மகள் இருபத்துநாலு நாள் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தாள். இரண்டு தடவை மறுபடி வயிற்றைத் திறந்தார்கள். பிழைத்தாள். இப்போது பதினொரு வயது. சாப்பிட்ட சாப்பாடு பாதி நாள் தங்காது. கோடையில் மற்ற பிள்ளைகள் ஆற்றில் குதிக்கும்போது சட்டையைக் கழற்றாமல் கரையில் உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருக்கும்.

அதே ராத்திரி பத்தே காலுக்கு கவ்ரீலை அங்கே கொண்டுவந்தார்கள். பெரிய ஊருக்குப் போயிருந்த வண்டி ஒன்று 7.30க்கு ஊர் திரும்பியிருக்கிறது. அதில் ஏற்றி வந்திருந்தார்கள்.

ஸ்பிரிதோன் நடைபாதையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அய்தால், ஏரிக்கு இந்தப் பக்கம் கெடந்தான். பனிக்கு அடியில தண்ணிக்குள்ள விட்டுருக்கான், பைக்கு நின்னுபோச்சு. ரெண்டு காலும் முட்டி வரைக்கும் ஐஸ். எப்படிடா உனக்குத் தெரிஞ்சுது?"

"எத்தன மணிக்குப் பார்த்தீங்க?"

"நான்தான் மொதல்ல தோள தொட்டேன். தொட்டதும் வாட்ச்ச பார்த்தேன், லுகேரியாகிட்ட சொல்லணுமேன்னு. ஆறு பன்னண்டு."

பேட்டரியை அவன் விட்ட அதே நிமிஷம்.

கணுக்காலுக்கு மேலே இரண்டு காலையும் எடுத்துவிட்டார்கள். மூக்கின் நுனி போனது. காது ஒன்று போனது. ஆனால் கைகளுக்கு ஒன்றுமில்லை. கையுறை இரண்டும் தண்ணீரில் போய்விட்டன. மைனஸ் ஐம்பத்திரண்டில் மூன்று மணி நேரம் வெறுங்கையோடு கிடந்தவன். ஒரு விரல்கூட உறையவில்லை. கொண்டுவந்தபோது உள்ளங்கை சூடாக இருந்தது என்று நர்ஸ் சொன்னாள். நகத்துக்குள்ளும் ரேகையிலும் கறுப்பு ஆயில். தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் போகவில்லையாம். பனி பைக்கில் அந்த மாதிரி வடிக்கிற ஆயில் கிடையாது. டாக்டருக்கு அது புரியவில்லை. எனக்கும் இன்றுவரை புரியவில்லை.

ஆறாம் நாள் அவன் படுக்கைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாது. அவனுக்கும் நான் எதற்கு வந்தேன் என்று தெரிந்திருக்காது.

"நாய்க்குப் போட்ட எலும்ப நக்குற நாய்" என்றான். மூக்கில் கட்டு. குரல் அடைத்திருந்தது. "அது பரவால்ல மாப்ள. அதுக்கு அப்புறம் சொன்னியே, அத எங்க கத்துக்கிட்ட?"

அதை நான் சொன்னது 4.44க்கு அப்புறம், என் முற்றத்தில். அவன் ஆறு கிலோமீட்டர் தள்ளி ஏரியில் கிடந்தான்.

"உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"தூக்கம் வந்துச்சு. தூங்குனா முடிஞ்சுது, உனக்கே தெரியும். அதான் மனசுக்குள்ள வேலை செய்ய ஆரம்பிச்சேன். பேட்டரிய கழட்டினேன். ஆயில வடிச்சேன். போர்வையப் போட்டேன். முடிஞ்சதும் மறுபடி தூக்கம். மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிச்சேன். நெசமா செய்யற மாதிரியே இருந்துச்சு. ஆயிலு கையில சூடா பட்டுச்சு. நீ கத்துனது கேட்டுச்சு. அந்தக் கோவத்துல கொஞ்சம் முழிப்பு வந்துச்சு."

நான் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

"சாஸ்கி அழுதது கேட்டுச்சா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கறுப்பேறிய நகங்களோடு அவன் கை போர்வையைப் பிடித்திருந்தது.

"கேட்டுச்சு."

"வண்டில நான் கெஞ்சுனது?"

"எல்லாம் கேட்டுச்சு மாப்ள. பிள்ளைக்கு ஏதோ அவசரம்னு தெரிஞ்சுது. வண்டிய விட்டுடணும்னும் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏண்டா விடல?"

நடைபாதையில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"விட்டா தூங்கிடுவேன்" என்றான்.

அவனை அடிக்கக் கையை ஓங்கவில்லை. ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அவன் இடத்தில் நான் கிடந்திருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன் என்று எனக்கு அங்கேயே தெரிந்தது. எல்லாவற்றையும்விட அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்து வெளியே வந்தேன். அடுத்த அறையில் சாஸ்கிக்கு அன்றைக்கும் காய்ச்சல் இறங்கவில்லை.